கீட்டோவா கஞ்சிப்பாசியா: மன்னார்குடியில சம்ப் பாசி வளத்து நான் பட்ட பாடு

"வயல்ல பாசி புடிச்சா மயில்துத்தத்த சாக்குல முடிஞ்சு மடையில போட்டு சாவடிக்கிறோம், நீ என்னடான்னா காசு குடுத்து வரவழைச்சு வளக்குற." எங்கப்பா என் கடல் மீன் தொட்டியோட சம்ப் (தொட்டிக்கு கீழ இருக்குற வடிகட்டி பெட்டி) முன்னாடி குனிஞ்சு நின்னு சொன்னது, 2018 ஆரம்பத்துல. அப்ப என்கிட்ட பதில் இல்ல. மயில்துத்தம்னா காப்பர் சல்பேட், அதுல ஒரு சிட்டிகை என் தொட்டியில விழுந்தா எறால், நத்தை, பவளம் எதுவும் மிஞ்சாது, அதனால "வயலுக்கு போயிட்டு வந்த கையோட தொட்டிக்குள்ள கை விடாதீங்கப்பா"னு மட்டும் சொல்லி வச்சேன்.

மொதல்ல தொட்டிய பத்தி சொல்லிடுறேன். ஹரித்ராநதி பக்கத்துல வீடு, கீழ எலக்ட்ரிக்கல் கடை, மாடியில நாங்க. 4 அடி தொட்டி, சம்ப் சேத்து, கல்லு மணல் போக சுமார் 300 லிட்டர் தண்ணி. கல் பவளம் எதுவும் கிடையாது, 2001லயே கல் பவளம், கடல் விசிறி இதையெல்லாம் வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல முதல் அட்டவணையில சேத்துட்டாங்க, புலி இருக்குற அதே அட்டவணை, அந்த வம்பே வேணாம்னு சோவா, மஷ்ரூம், லெதர், ஜீனியானு மெத்து பவள வகைகளோட நிறுத்திக்கிட்டேன், கல்லும் செயற்கை கல்லு தான். மீனு ஒரு ஜோடி க்ளவுன், ரெண்டு டாம்செல், ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ். ஃபாக்ஸ்ஃபேஸ்னா வேற யாரும் இல்ல, நம்ம மார்க்கெட்ல வர்ற ஓரா மீனோட சொந்தக்காரன், நல்ல பாசி தின்னி, முள்ளு குத்துச்சுன்னா மட்டும் உயிர் போயி உயிர் வரும்.

தண்ணிக்கு ஆரம்பத்துல நாகப்பட்டினம் போயி கேன்ல கடல் தண்ணி புடிச்சிட்டு வருவேன். சித்திரை வைகாசியில நல்லா தான் இருந்துச்சு, ஐப்பசி மழையில போனா ஆத்து தண்ணி, வடிகால் தண்ணி எல்லாம் வந்து கலந்து கடல் டீ கலர்ல கெடக்கு, உப்பும் குறைவு, ஊர் வயல்ல போட்ட உரம் பூரா அதுல தான் வந்து சேருது. அதுக்கப்புறம் ஆர்ஓ தண்ணியில சால்ட் மிக்ஸ், அதாவது கடல் தண்ணி ஆக்குறதுக்குனு விக்கிற உப்புத்தூள். "வேதாரண்யம் உப்பு தான் பக்கத்துலயே கெடைக்குதே"னு கேக்காத ஆளே இல்ல, அது வெறும் சமையல் உப்புங்க, கால்சியம் மெக்னீசியம் எல்லாம் உப்பளத்துலயே பிரிஞ்சு போயிடும், கடல் தண்ணி அதுல வராது.

சால்ட் விலைக்கு வாட்டர் சேஞ்ச அடிக்கடி பண்ண முடியல, சாப்பாடு மட்டும் நாள் தவறாம போட்டேன். எட்டே மாசத்துல தீனி, கழிவுலருந்து சேர்ற நைட்ரேட் 60 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பாஸ்பேட் 0.5. சோவா பூரா மொட்டாவே இருக்கு, கல்லு மேல தலைமுடி மாதிரி பச்சை பாசி. அப்ப தான் இந்த மேக்ரோ பாசி, அதாவது பெரிய வகை கடல் பாசி யோசனை. விஷயம் சிம்பிள் தான், மேல கல்லுல கெட்ட பாசி தின்னப்போற சத்த கீழ சம்ப்ல நல்ல பாசிக்கு தின்னக் குடுத்து, வளந்தத அறுத்து வெளிய போட்டுடுறது. கேக்கும்போது இவ்வளவு தானானு இருக்கும்.

சென்னையில ஒரு அண்ணன் கிட்ட இருந்து கௌலெர்ப்பா வந்துச்சு, இறகு மாதிரி ஒண்ணு, திராட்சை கொத்து மாதிரி ஒண்ணு. அழகுன்னா அழகு. கொடி மாதிரி ஓடும், வேர் மாதிரி ஒண்ண விட்டு கல்ல புடிச்சுக்கும், நாலு மாசத்துல சம்ப் பெட்டி பூரா ரொம்பிடுச்சு, நைட்ரேட் 60லருந்து 15க்கு வந்துச்சு. கடைக்கு வர்றவங்கள எல்லாம் மாடிக்கு கூட்டிட்டு போயி காட்டுவேன், ஒயர் வாங்க வந்தவர் பாவம் சம்ப் பாத்துட்டு போவார். அறுக்க மனசே வரல. இங்க தான் மொத தப்பு, ஆனா அப்ப அது தப்புனு தெரியாது.

2018 நவம்பர் 16, ஐப்பசி கடைசி, கஜா. விடிகாலையில நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையை கடந்துச்சு, எங்க ஊர் அது போன வழியில இருக்கு. விடிஞ்சு பாத்தா தெருவுல கம்பம் நிக்கல, கம்பி தரையில கெடக்கு. எங்க தெருவுக்கு கரண்ட் வர 11 நாள் ஆச்சு. இன்வெர்ட்டர் பேட்டரில சம்ப் தண்ணிய மேல ஏத்துற ரிட்டர்ன் மோட்டார ஒரு மணி நேரம் ஓட்டி ஒரு மணி நேரம் நிறுத்தி, ராத்திரி முழுக்க சின்ன ஏர் பம்ப் மட்டும் வச்சு ஓட்டுனேன், மொட்டமாடி டேங்குக்கு தண்ணி ஏத்த மணிக்கு இவ்வளவுனு ஜெனரேட்டர் வாடகைக்கு வந்தப்ப அதுலயே பேட்டரியும் ஏத்திக்கிட்டேன். எலக்ட்ரிக்கல் கடைக்காரனுக்கே இந்த கதி. சம்ப் லைட்டுக்கு எங்க போறது, லைட்டு இல்லாட்டி பாசி நாலு நாள் தாங்கும்னு நெனச்சேன்.

நாலாவது நாள் காலையில டார்ச் அடிச்சு பாக்குறேன், தண்ணி அரிசி களஞ்ச தண்ணி மாதிரி இருக்கு, லேசா பச்சை. கௌலெர்ப்பா எல்லாம் கலர் போயி கண்ணாடியா நிக்குது, தொட்டா ஈர பாலித்தீன் கவர் மாதிரி கையோட வருது, உள்ள ஒண்ணுமே இல்ல. குளத்துல தண்ணி வத்துறப்ப வர்ற வாடை. தொட்டியில மீனு எல்லாம் மேல வந்து வாய தொறந்து தொறந்து மூடுது. கலக்கி வச்சிருந்த உப்பு தண்ணி 40 லிட்டர் இருந்துச்சு, அதையும் மாத்திப் பாத்தேன், பத்தல. க்ளவுன் ஒண்ணு, டாம்செல் ரெண்டும், ஜீனியா முழுசும் போச்சு. அன்னிக்கு சாயங்காலம் அப்பா தோப்புலருந்து வந்து திண்ணையில உக்காந்து "அறுவத்தி மூணு மரம்டா தம்பி, தாத்தா வச்சது"ன்னாரு. எனக்கு மீனு செத்தத பத்தி வாய தொறக்க முடியல.

என்ன நடந்துச்சுனு பின்னாடி தான் படிச்சு தெரிஞ்சுகிட்டேன். கௌலெர்ப்பா எவ்வளவு பெரிய கொடியா ஓடுனாலும் உள்ள தடுப்பு சுவர் கிடையாது, முழுக்க ஒரே செல்லு, அதுக்குள்ள ஆயிரக்கணக்குல நியூக்ளியஸ். காலம் சரியில்லனு அதுக்கு தோணுச்சுன்னா உள்ள இருக்குற எல்லாத்தையும் இனவிருத்திக்காக ஒரே ராத்திரியில தண்ணியில கொட்டிட்டு வெறுங்கூட்ட மட்டும் விட்டுட்டு போயிடும். அத்தன மாசமா நான் அறுக்காம சேத்து வச்ச நைட்ரேட், பாஸ்பேட் மொத்தமும் வட்டியோட திரும்பி வந்துச்சு. புயல் தான் வேணும்னு இல்ல, டைமர் ரிப்பேராயி ரெண்டு நாள் இருட்டானாலும், ஒரேயடியா பாதிய அறுத்தாலும், சத்து திடீர்னு காலியானாலும் நடக்கலாம். இதுக்காகவே 24 மணி நேரமும் லைட்ட எரிய விடுறவங்க உண்டு. நம்ம ஊர் கரண்ட நம்பி அப்புடி ஒரு சத்தியம் என்னால பண்ண முடியாது. அதுலருந்து யாரு பாசி பத்தி கேட்டாலும் நான் மொதல்ல சொல்றது, அது எவ்வளவு வேகமா வளரும்னு அப்புறம் பாக்கலாம், எப்புடி சாகும்னு கேட்டுட்டு வாங்குங்க.

அந்த கேள்விக்கு நல்ல பதில் சொல்றது கீட்டோமார்ஃபா. சுருக்கமா கீட்டோ, வீட்ல எல்லாரும் டயட்டுனு நெனச்சாங்க. பாத்திரம் தேய்க்குற நார் மாதிரி சிக்கலா ஒரு பந்து, எதையும் புடிச்சுக்காது, சும்மா மெதக்கும். நூல் மாதிரி வரிசையா தனித்தனி செல்லு, ஒரு எடத்துல செத்தாலும் பக்கத்து செல்லு பொழச்சுக்கும், பிச்சு எடுத்தா பிச்ச ரெண்டும் வளரும். செத்தாலும் ஓரமா வெளுத்து, மெதுவா, ஒரு வாரம் பத்து நாள் உங்களுக்கு சொல்லிட்டு தான் சாகும். 2019 தை மாசம் ஒரு கைப்பிடி அளவு வாங்குனேன்.

வாங்கி ரெண்டு மாசத்துல அதுவும் பாதியா எளச்சுப் போச்சு. நைட்ரேட் அப்ப 50, சத்துக்கு பஞ்சமே இல்ல, அப்புறமும் வளரல. காரணம் ரொம்ப கேவலம், லைட்டு. கௌலெர்ப்பா காலத்து 12 வாட் ஸ்ட்ரிப்ப அப்புடியே வச்சிருந்தேன், கௌலெர்ப்பா மங்கல் வெளிச்சத்துலயும் ஓடும், கீட்டோவுக்கு அது பத்தாது, மேல் தோல் மட்டும் பச்சையா இருந்து நடுவுல அழுகிடும். கடையில கெடந்த 50 வாட் ஃப்ளட் லைட்டு, 6500 கெல்வின் வெள்ளை, அத ஒரு ஜாண் மேல மாட்டுனேன். செடிக்குனு செவப்பு நீலம் கலந்து வர்ற லைட்டு இருக்கு, அதுவும் நல்லது தான், பர்ப்பிள் வெளிச்சத்துல பாசியோட நெறம் தெரியாது, எனக்கு நெறம் தெரியணும், ஏன்னு பின்னாடி சொல்றேன். அஞ்சு வாரத்துல கைப்பிடி ஃபுட்பால் ஆச்சு.

ஆனா நைட்ரேட் 40லயே நிக்குது! பாசி கண்ணு முன்னாடி வளருது, நம்பர் எறங்க மாட்டேங்குது. ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து கணக்கு போட்டேன். மீனுக்கு காஞ்ச தீனி நாளைக்கு 1 கிராம் போடுறேன் (கஜாவுக்கு அப்புறம் வேற மீனு சேத்தாச்சு). அதுல 45 சதவீதம் புரோட்டீன், புரோட்டீன்ல 16 சதவீதம் நைட்ரஜன், ஆக 0.07 கிராம் நைட்ரஜன், நைட்ரேட்டா மாறுனா 0.3 கிராமுக்கு மேல. 300 லிட்டர்ல அது 1 பிபிஎம். அதாவது ஒரு மாசத்துக்கு 30 பிபிஎம் உள்ள போகுது, கொஞ்சம் மீனு ஒடம்புல சேரும், கொஞ்சம் ஸ்கிம்மர் (நுரை கட்டி கழிவ பிரிக்குற கருவி) எடுக்கும், இருந்தாலும் மீதி பெருசு. இப்ப வெளிய போறத பாப்போம். பிழிஞ்ச ஈர கீட்டோ 100 கிராம், அதுல தண்ணி போக காஞ்ச எடை தோராயமா 10 கிராம், அதுல நைட்ரஜன் 3 சதவீதம்னு வச்சா 0.3 கிராம், நைட்ரேட் கணக்குல 1.3 கிராம், எங்க தொட்டிக்கு 4 பிபிஎம் சொச்சம். நாலு நாள் தீனிக்கு 100 கிராம் பாசி! நான் மாசத்துக்கு ஒரு தடவ ஒரு பிடி எடுத்து எறிஞ்சுட்டு நைட்ரேட் எறங்கலனு தலையில கை வச்சு உக்காந்திருந்தேன். தோராய கணக்கு தான், பாசிக்கு பாசி மாறும், ஆனா எந்த எடத்துல நிக்குறோம்னு இது சொல்லிடும்.

அப்பாகிட்ட இந்த கணக்க சொன்னேன். "கதிர் நின்னா நெல்லாயிடுமா, அறுத்து வீடு வந்தா தானே"ன்னாரு, வேற ஒண்ணும் சொல்லல.

அன்னிலருந்து எடை போட்டு தான் அறுப்பு. வாராவாரம், பந்துல மூணுல ஒரு பங்கு, கையால பிச்சு, துணி பிழியுற மாதிரி ஒரு பிழி, தராசு, நோட்டுல எழுது. "ஏங்க, அந்த தராசுல தான் நான் அதிரசத்துக்கு மாவு அளக்குறேன்"னு வீட்டம்மா சத்தம் போட்டப்புறம் தனியா ஒரு தராசு வாங்கிட்டேன். முழுசா அறுக்காதீங்க, பாதிக்கு மேல எடுத்தா மிச்சம் பிக்அப் ஆக ரெண்டு வாரம் எடுக்குது, அந்த ரெண்டு வாரத்துல மேல கல்லுல முடி பாசி திரும்ப எட்டிப் பாக்குது. அறுக்குறப்ப பந்த தொட்டி தண்ணி ஒரு பக்கெட்ல எடுத்து அதுல நல்லா அலசுங்க, உள்ள மீன் கழிவு, தூசி எல்லாம் சேறு மாதிரி அடைஞ்சு கெடக்கும், அத எடுக்கலனா பாசி எடுக்குற சத்த அந்த சேறு திருப்பிக் குடுத்துடும். குழாய் தண்ணில அலசாதீங்க, பாசிக்குள்ள குட்டி குட்டியா பூச்சிங்க வாழுது, மீனுக்கு நல்ல தீனி அது.

வாரம் 150 கிராம்னு அறுத்தப்ப நைட்ரேட் எறங்க ஆரம்பிச்சுது, 40, 28, 15, 6, அப்புறம் ஒரு நாள் பூஜ்யம். சந்தோஷத்துல பக்கத்து கடைக்கு எல்லாம் டீ சொன்னேன். மூணே வாரம், கீட்டோ வெளிர் மஞ்சளாச்சு, தொட்டா பொடிப்பொடியா ஒடையுது, சோவாவும் வெளுத்துப் போச்சு, ஆனா பாஸ்பேட் மட்டும் 0.3லயே அசையாம நிக்குது. எனக்கு புரியல. அப்பா எட்டிப் பாத்தாரு, பாத்துட்டு உள்ள போயி வேளாண்மை ஆபீஸ்ல குடுத்த இலை வண்ண அட்டைய எடுத்துட்டு வந்து சம்ப் கண்ணாடில வச்சாரு. நெல்லுக்கு யூரியா எப்ப போடணும்னு இலை நெறத்த வச்சு பாக்குற அட்டை அது, வெளிர் பச்சைலருந்து கரும்பச்சை வரைக்கும் பட்டை பட்டையா இருக்கும். "பாரு, கடைசி பட்டைக்கும் கீழ இருக்கு. பசில கெடக்கு. மேலுரம் போடு."

அவர் கிண்டலா தான் சொன்னாரு, ஆனா அதான் சரி. கடல் பாசி எதையும் ஒத்தையா தின்னாது. 1983ல அட்கின்சன், ஸ்மித்னு ரெண்டு பேரு உலகத்துல பல எடத்து கடல் செடிகள அலசி, சராசரியா 550 கார்பனுக்கு 30 நைட்ரஜனுக்கு 1 பாஸ்பரஸ்னு கணக்கு சொன்னாங்க, அது அணு கணக்கு. நம்ம டெஸ்ட் கிட் நம்பருக்கு மாத்துனா நைட்ரேட் 20 பிபிஎம் எறங்குனா பாஸ்பேட் 1 பிபிஎம் எறங்கும். அப்ப என்னோட 0.3 பாஸ்பேட்ட தின்ன 6 பிபிஎம் நைட்ரேட் வேணும், நான் பூஜ்யத்துல வச்சிருக்கேன். சோறு இல்லாம குழம்ப மட்டும் எப்புடி சாப்புடும்?

உரக்கடையில 13-0-45னு ஒரு உரம் இருக்கும், சொட்டுநீர்ல விடுறது, அது பொட்டாசியம் நைட்ரேட் தான். வேற நுண்ணூட்டம் எதுவும் கலக்காதது தானானு லேபிள படிச்சு வாங்கணும், காப்பர் கலந்தத எடுத்துட்டா கதை முடிஞ்சுது. 1 கிராம் கரைச்சு விட்டா 300 லிட்டர்ல 2 பிபிஎம் ஏறும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் 1 கிராம், டெஸ்ட் பண்ணி பண்ணி. ரெண்டு வாரத்துல கீட்டோ கரும்பச்சை, ஆறு வாரத்துல பாஸ்பேட் 0.08. இப்ப நைட்ரேட் 5லருந்து 10, பாஸ்பேட் 0.05லருந்து 0.1, இதுல வச்சிருக்கேன், பூஜ்யத்துக்கு ஆசப்படுறத விட்டாச்சு. அந்த அட்டை இன்னிக்கும் சம்ப் கதவுல ஒட்டி இருக்கு, நெறம் எறங்குனா டெஸ்ட் கிட் எடுக்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும், வெள்ளை லைட்டு வச்சதுக்கு காரணம் இதான். பாஸ்பேட் பாக்க டிஜிட்டல் செக்கர் வச்சிருக்கவங்க ஒண்ணு கவனிங்க, சிலது பாஸ்பரஸ பிபிபில காட்டும், அத 3.066ஆல பெருக்கி ஆயிரத்தால வகுத்தா தான் பாஸ்பேட் பிபிஎம், நான் மூணு மாசம் பெருக்காமலே பெருமைப்பட்டுகிட்டு இருந்தேன்.

கீட்டோவுலயும் கண்டம் இருக்கு. ஒரு ராத்திரி 2 மணிக்கு கீழ கடையில சொட்டு சொட்டுனு சத்தம்னு எழுந்து பாத்தா மாடி ஹால் பூரா உப்பு தண்ணி. என்னன்னா, கீட்டோ நூல் பிரிஞ்சு போயி சம்ப் தடுப்போட சீப்பு பல்லுல அடைச்சுக்கிச்சு, பாசி பெட்டி ரொம்பி வெளிய வழியுது, அந்தப் பக்கம் ரிட்டர்ன் பெட்டியில தண்ணி கொறைஞ்சுது, கொறைஞ்சத பாத்து ஆட்டோ டாப்அப் (ஆவியான அளவுக்கு தானா தண்ணி விடுற கருவி) நல்ல தண்ணிய ஊத்துது, ஊத்த ஊத்த இது வழியுது. உப்பு அடர்த்தி 1.025ல இருந்தது 1.023க்கு வந்துடுச்சு. கடையில ரெண்டு பண்டல் ஒயரும் ஒரு பெட்டி சுவிட்சும் போச்சு. மறுநாள் பாசி பெட்டியோட வாய்க்கு கொசுவலைய ரெண்டு மடிப்பு வச்சு கட்டுனேன், டாப்அப் கேன 20 லிட்டர்லருந்து 5 லிட்டரா மாத்துனேன், இனிமே கோளாறானாலும் 5 லிட்டரோட போகும்.

லைட்டு ராத்திரி 9லருந்து காலைல 7 வரைக்கும். மேல தொட்டி லைட்டு அணைஞ்சப்புறம் கீழ எரியுறதால ராத்திரி பிஹெச் ரொம்ப எறங்காது, எனக்கு விடிகாலையில 7.8 இருந்தது 8.0 ஆச்சு. இன்னொரு லாபம், மாசாந்திர பராமரிப்பு மின்தடை காலை 9லருந்து சாயங்காலம் 5 வரைக்கும் தான், அந்த நேரம் பாசி தூங்குது. அக்னி நட்சத்திரத்துல மட்டும் தண்ணி 31 டிகிரி வரைக்கும் போயிடுது, ஃப்ளட் லைட்டும் சேந்து கேபினட் அடுப்பு மாதிரி ஆவுது, சின்ன ஃபேன் வச்சிருக்கேன், நாளைக்கு 4 லிட்டர் ஆவியாகுது, கீட்டோ தாங்கிக்குது.

இப்ப கஞ்சிப்பாசி. கிராசிலேரியானு ஹாபில சொல்றது, ராமநாதபுரம் கரையில கஞ்சி காய்ச்சுற பாசி, அதுல ஒரு வகை தான். மண்டபம் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுக்கு போனப்ப கரை ஒதுங்குனது கொஞ்சம் எடுத்து வந்தேன், தீவு பக்கம் எல்லாம் தேசிய பூங்கா, அங்க கை வைக்கக் கூடாது. ரெண்டு வாரம் தனி வாளியில போட்டு வச்சதுல குட்டி நண்டு மூணு வந்துச்சு, அதனால நேரா சம்ப்ல போடாதீங்க. கீட்டோ அளவுக்கு வேகம் இல்ல, பாதி கூட இருக்காது, தண்ணி ஓட்டம் நல்லா வேணும், இல்லன்னா மேல தூசி படிஞ்சு செத்துடும். ஆனா ஒரு நல்ல குணம், அறுத்தத வெளிய எறிய வேணாம், ஃபாக்ஸ்ஃபேஸ் மொய் விருந்துக்கு வந்த மாதிரி திங்குது. திங்குறது திரும்ப கழிவா அதே தண்ணியில தான் வருது, அதனால நைட்ரேட் எறக்க இது உதவாது, தீனி செலவு கொறையும், அவ்வளவு தான். சத்து எறக்கணும்னா கீட்டோ, மீனுக்கு தீனி வேணும்னா கஞ்சிப்பாசி, ரெண்டையும் ஒரே பெட்டியில போட்டா கீட்டோ ஜெயிச்சுடும், தனி தடுப்பு வைங்க.

பெப்சி பாசியும் பாத்தாச்சு, கப்பாஃபைகஸ். பாக் நீரிணை பக்கம் மூங்கில் மிதவையில கட்டி வளக்குறாங்களே, 45 நாள்ல அறுப்பு, அந்த வேகத்த கேள்விப்பட்டு ஒரு கொத்து வாங்கி வந்து போட்டேன். கடல்ல அலை அதை ராப்பகலா ஆட்டிகிட்டே இருக்கு, என் சம்ப்ல அந்த ஆட்டம் எங்க, பன்னெண்டாம் நாள் தண்டு வெளுத்து ஐஸ் மாதிரி ஆகி கரைஞ்சுது. உல்வா, அதான் பச்சை கீரை மாதிரி இருக்குறது, வளரும், ஆனா அதோட வித்து மேல் தொட்டி கல்லுலயும் மொளைக்கும், எனக்கு புடிக்கல. ஹாலிமெடா கால்சியத்த தின்னும், சத்த பெருசா எடுக்காது, அழகுக்கு வேணா வைக்கலாம். முத்துப்பேட்டை அலையாத்தி கன்னு ரெண்டு வைக்கலாமேனு ஒருத்தர் சொன்னாரு, அது மரம்ங்க, வருசத்துக்கு நாலு இலை விடும், அத வச்சு நைட்ரேட்ட எறக்கணும்னா என் பேரன் காலத்துல எறங்கும், காட்டுலருந்து புடுங்குறதும் தப்பு.

ஒரே ஒரு கறார் விஷயம். அறுத்தத வாய்க்கால்லயோ கடல்லயோ போடாதீங்க. கௌலெர்ப்பா டாக்சிஃபோலியா 1984ல மொனாக்கோ கரையில ஒரு சின்ன திட்டா கண்டுபிடிச்சாங்க, அப்புறம் மத்தியதரைக் கடல் கரையோரமா பரவி அடக்க முடியல, கலிஃபோர்னியாவுல 2000ல தெரிஞ்சப்ப ஒழிக்க 2006 வரைக்கும் ஆச்சு. ரொம்ப தூரம் போவானேன், மன்னார் வளைகுடா குருசடைத் தீவுல 2008ல கப்பாஃபைகஸ் உயிரோட இருக்குற பவளத்து மேலயே படந்து கெடந்தத பாத்தாங்க. நமக்கு இது புதுசா? அழகுக்கு கொண்டாந்த வெங்காயத் தாமரை தானே இன்னிக்கு நம்ம வடிகால் பூரா அடைச்சுகிட்டு தண்ணிய வயலுக்கு திருப்பி விடுது, நெய்வேலி காட்டாமணக்கும் அப்புடித்தான். நான் அறுத்தத ரெண்டு நாள் வெயில்ல மொட்டமாடில காயப்போட்டு, நல்ல தண்ணில அலசி உப்ப எடுத்துட்டு, கஜாவுக்கு அப்புறம் வச்ச தென்னங்கன்னுக்கு போடுறேன். அப்பா உரக்கடையில கடல்பாசி உரம்னு பாட்டில் வாங்கி நெல்லுக்கு தெளிப்பாரு, இப்ப "உன்னோடது எப்ப அறுப்பு"னு கேக்க ஆரம்பிச்சுட்டாரு.

போன மாசம் கும்பகோணத்துல ஒரு தம்பி கீட்டோ கேட்டான். ஈர நியூஸ்பேப்பர்ல சுத்தி, பால் பாக்கெட் கவர்ல போட்டு, சம்படத்துல வச்சு மூடி, பஸ்ஸுல குடுத்து விட்டேன், ஒரு நாள் வரைக்கும் தண்ணி இல்லாமலே தாங்கும். கண்டக்டர் மூடிய தொறந்து பாத்துட்டு "என்ன சார் இது, அருகம்புல்லா?"னாரு. ஆமாண்ணே, புள்ளையாருக்குனு சொல்லிட்டேன். தம்பிக்கு போன் போட்டு சொல்லியிருக்கேன், 50 வாட் லைட்ட மொதல்ல மாட்டு, தராசு வாங்கு, வாங்கிட்டு தான் சம்படத்த தொறக்கணும்னு. அவன் லைட்டு வாங்கிட்டானாம், தராசு இன்னும் வாங்கலையாம்.